பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்காத கேள்வி

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் யாரும் பேசுவதில்லை. 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றால்தான் தெரியும். கர்நாடகத்திலும் இதே பேச்சுதான். ஒரு வண்டியில் எத்தனையோ பாகங்கள் இருக்க, பிரேக்கை மட்டும் பிடித்து அந்த உத்தியோகத்துக்கே பெயராக வைத்துவிட்டார்கள் நம்ம ஜனங்க. யோசித்துப் பார்த்தால் ரொம்பப் பொருத்தமான பெயர். ஒரு வண்டியைப் பார்த்து அரசாங்கம் கேட்கும் முதல் கேள்வி 'இது நிற்குமா?' என்பது. 'இது ஓடுமா?' என்பது வண்டிக்காரர் கேட்கும் கேள்வி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு பழைய வண்டி வாங்குபவர்கள் நிறைய பேர். 'எஃப்.சி. முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்கு ஆர்.சி. இருக்கு சார், வண்டி சூப்பரா இருக்கும்' என்று விற்பவர் சொல்வார். முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாவது பாதிக்கும் முதல் பாதிக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான்.

இந்த இரண்டு கேள்விகளும் தனித்தனியாக எப்படிப் பிறந்தன என்று பார்க்க, பழைய என்ஃபீல்டு புல்லட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்து, சென்னைக்குப் பக்கத்தில் திருவொற்றியூரில் வளர்ந்து, அதே உருவத்தோடு மறுபடி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போன வண்டி அது. இரண்டு நாட்டு அரசாங்கங்களின் பரிசோதனையையும் பார்த்திருக்கிறது.

வரலாற்றில் முதலில் வந்தது 'ஓடுமா?' என்ற கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் வாங்குவது ஒரு துணிச்சல். பெல்ட் வழுக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், டயர் கிழியும். போன ஊரிலிருந்து திரும்பி வருமா என்பதே சந்தேகம். அதனால் கிளப்புகள் வேகப் பந்தயங்களோடு கூடவே நம்பகத்தன்மைக்கென்று தனிப் போட்டிகளையும் நடத்தின. முதலில் வருபவருக்குப் பரிசு என்பது அங்கே கணக்கில்லை. வண்டி உடையாமல், சொன்ன நேரத்துக்குள் வந்து சேர்ந்தாலே பரிசு. அந்த வரிசையில் பெரியது 1913-இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரத்தில் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் போட்டி. அதன் விதிகள் கெடுபிடியானவை. முக்கிய பாகங்களில் அடையாளம் போட்டுவிடுவார்கள், ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. இரவில் வண்டி அமைப்பாளர்களின் காவலில் இருக்கும். பழுதானால் ஓட்டுபவர்தான் தன் கையால் சரிசெய்ய வேண்டும். காலையில் கொடி காட்டியதும் குறித்த நேரத்துக்குள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மதிப்பெண் போச்சு. ஆறு நாளும் இப்படியே.

புல்லட் பெயர் வாங்கியது இந்த இடத்தில்தான். 1930-களிலேயே புல்லட் என்ற பெயரில் வண்டிகள் வந்திருந்தாலும், நாம் இன்று அடையாளம் காணும் உருவம் 1948-இல் வந்தது. அதில் புதுசு, பின் சக்கரத்துக்கு ஸ்விங்கிங் ஆர்ம் சஸ்பென்ஷன். அதுவரை பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரம் சேஸிஸோடு விறைப்பாகப் பொருந்தியிருக்கும். கரடுமுரடான போட்டிக்கு இப்படி ஆடுகிற பின்பக்கம் உதவுமா என்று அனுபவசாலிகளே முகம் சுளித்தார்கள். அதே வருடம் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில், வெற்றி பெற்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டுக்கும் தங்கப் பதக்கம். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்திய ராணுவத்துக்கும் அந்தக் கேள்விதான் முக்கியமாக இருந்தது. எல்லையில், மெக்கானிக் ஷெட் எதுவும் இல்லாத இடத்தில், காலையில் உதைத்தால் கிளம்ப வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் 350 சிசி புல்லட்டுகளுக்கு ஆர்டர் போனது. 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1956-இல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. அந்த வருடக் கடைசிக்குள் அங்கே உருவான வண்டிகள் 163. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் வேலை. 1960-களில் பாகங்களும் இங்கேயே தயாராகத் தொடங்கின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முழுவதுமாக நின்றுபோனது. தாய்வீடு இல்லாமல் போன பிறகும் திருவொற்றியூரில் அதே 346 சிசி எஞ்சின், 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், தடதடவென்று வந்துகொண்டே இருந்தது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். 'நிற்குமா?'

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஒரு விசித்திரமான நிலைமை. தயாராகும் புது வண்டிகளில் பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம். உள்ளூர்க்காரர்களுக்குப் புது வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. போருக்கு முன்னால் செய்த வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1956-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பழைய வண்டிகளைக் கட்டாயமாகப் பரிசோதிக்க வழி செய்தது. எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, 1960 செப்டம்பரில் பரிசோதனை தொடங்கியது. போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எம்.ஓ.டி. என்று மக்கள் கூப்பிட்டார்கள். அமைச்சகத்தின் பெயர் அதற்குப் பிறகு எத்தனையோ முறை மாறிவிட்டது, பரிசோதனைக்கு மட்டும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நம்ம பிரேக் இன்ஸ்பெக்டர் மாதிரியே!

முதலில் பத்து வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். பார்த்தது மூன்றே விஷயம்: பிரேக், விளக்கு, ஸ்டீயரிங். தேறாத வண்டிகள் அவ்வளவு அதிகமாக இருந்ததால், 1961 முடிவதற்குள் பத்து வருடத்தை ஏழாகக் குறைத்தார்கள். 1967-இல் மூன்றாக்கினார்கள். இன்றுவரை மூன்றுதான். பட்டியல் மட்டும் நீண்டுவிட்டது.

இன்றைய பட்டியலை ஒரு புல்லட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஹேண்டில்பாரின் கழுத்து பேரிங்கில் ஆட்டம் இருக்கா, ஃபோர்க் சரியாக அமுங்கி எழுகிறதா, ஸ்விங்கிங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கா, சக்கரத்தில் ஸ்போக் தளர்ந்திருக்கா, இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கா, டயர், செயின், ஹாரன், விளக்கு. பிரேக்குக்கு எண்ணிக்கையே உண்டு: ஒரு பிரேக் குறைந்தது 30 சதவீதத் திறனும், இன்னொன்று 25 சதவீதமும் காட்ட வேண்டும். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலைமை இந்தப் பரிசோதனையில் வராது. அது அரசாங்கமே தெளிவாகச் சொல்கிற விஷயம். அடியில் ஆயில் சொட்டினால், அது பிரேக்கிலோ டயரிலோ பட்டு ஆபத்து உண்டாக்குமா என்றுதான் பார்ப்பார்கள். எஞ்சினுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்பது அவர்கள் கவலை இல்லை. பிரேக் விளக்கு எரியாத புது வண்டி தேறாது. இன்னும் நூறு கிலோமீட்டரில் பிக் எண்ட் போகப்போகிற பழைய புல்லட் ஜம்மென்று தேறிவிடும்.

அந்த பிக் எண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பழைய புல்லட்டின் ஆயுள் அங்கேதான் இருக்கு. கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்தில் பல வண்டிகளில் ரோலர் பேரிங் இருக்கும். பழைய புல்லட்டில் ஃப்ளோட்டிங் புஷ், அதாவது ராடுக்கும் பின்னுக்கும் நடுவில் மிதந்து சுற்றுகிற ஒரு வளையம். ஆயில் படலம் இருக்கும்வரை அது அருமையாக வேலை செய்யும். ஆயில் அழுக்கானாலோ குறைந்தாலோ மன்னிக்காது. ஆயிலுக்குத் தனி டாங்க் கிடையாது. கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே ஒரு அறை. வடிகட்டுவதற்கு ஒரு ஃபெல்ட் ஃபில்டர். ஆயிலைத் தள்ள ஒரு பம்ப், திரும்ப இழுக்க இன்னொரு பம்ப். இந்தச் சின்ன ஏற்பாட்டை நம்பித்தான் மொத்த எஞ்சினும். நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறவரின் வண்டி பல வருஷம் ஓடும், மாற்றாதவரின் வண்டி அடுத்த ஊர்த் திருவிழாவுக்குள் போர் வேலைக்கு வந்து நிற்கும். இரண்டும் ஒரே ஆலையில் செய்த வண்டிகளாகவே இருக்கலாம். அதனால்தான் புல்லட் நம்பகமான வண்டியா என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

மின்சார விஷயமும் இப்படித்தான். பழைய 6 வோல்ட் வயரிங், பாயின்ட் செட், ஒற்றை சிலிண்டரின் அதிர்வு. பல்பின் இழை அறுந்துபோவதும், எர்த் ஒயர் தளர்வதும் சகஜம். விளக்கு என்பது இரண்டு கேள்விகளும் சந்திக்கிற ஒரு இடம். இன்ஸ்பெக்டருக்கு அது பாதுகாப்பு. வண்டிக்காரருக்கு அது பேட்டரி, டைனமோ, வயரிங் எல்லாவற்றின் நாடி.

பழைய புல்லட்டுக்குப் பெரிய பரிசோதனை எந்த அலுவலகத்திலும் நடக்கவில்லை என்பது என் கட்சி. அது தினமும் காலையில் வீட்டு வாசலில் நடந்தது. பழகியவர்களுக்குத் தெரியும்: சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது ஆம்ப்ஸ் மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாயின்ட் திறக்கும் நொடியில் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு நூல் தாண்ட வைத்து, கையை விட்டு, ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இது பந்தா. உண்மையில் அந்த அரை நிமிஷத்தில் பேட்டரி, பாயின்ட், காயில், கம்ப்ரஷன் நான்கையும் ஒருவர் சோதித்து முடித்துவிடுகிறார். முள் அசையவில்லையா, பாயின்ட்டில் கோளாறு. கிக்கர் லேசாக இறங்குகிறதா, வால்வைப் பார்க்கணும். டாப்பெட் சரிபார்ப்பதும் அப்படித்தான்: எஞ்சின் ஆறியிருக்கும்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றி, புஷ்ராடை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. கேஜ் எதுவும் வேண்டாம், விரல் போதும். தன்னைக் கவனிக்காமல் யாரும் ஓட்டிவிட முடியாதபடி செய்யப்பட்ட வண்டி அது. அது குறையா நிறையா என்பது அவரவர் அவசரத்தைப் பொறுத்தது.

இது வெறும் அபிமானம் இல்லை என்று காட்ட பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. 2012-இல், 1960-க்கு முன் தயாரான எல்லா வண்டிகளுக்கும் எம்.ஓ.டி. கட்டாயமில்லை என்று அறிவித்தார்கள். நவம்பர் மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்போது சொன்ன காரணங்கள்: 2009-இல் அந்தக் கால வண்டிகளில் முதல் பரிசோதனையில் தேறாதவை 10 சதவீதத்துக்கும் குறைவு; பிறகு வந்த வண்டிகளிலோ 30 சதவீதத்துக்கு மேல். மொத்த வண்டிகளில் பழையவை 0.6 சதவீதம், ஆனால் விபத்துக் கணக்கில் 0.03 சதவீதம்தான்.

தாத்தா பேரனை ஜெயித்துவிட்டார் என்று பழைய வண்டிப் பிரியர்கள் குதிக்கலாம். நான் கொஞ்சம் நிதானமாகத்தான் படிப்பேன். அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் உண்டு: அந்த வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு வருடத்துக்கு 500 மைல்கூட ஓடுவதில்லை. அதாவது 800 கிலோமீட்டர். நம்ம ஊரில் பால்காரர் ஒருவர் ஒரு மாதத்தில் ஓட்டித் தள்ளுகிற தூரம். அதோடு, மோசமாகக் கட்டிய வண்டிகளும் மோசமாகப் பார்த்துக்கொண்ட வண்டிகளும் ஐம்பது வருடத்தில் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. மிச்சமிருப்பவை தப்பிப் பிழைத்தவை. அவற்றை வைத்து '1955-இல் செய்ததெல்லாம் இரும்பு மாதிரி' என்று சொல்வது, நூறு வயதுப் பாட்டியைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்தில் எல்லாரும் நூறு வயது வாழ்ந்தார்கள் என்று சொல்வது போலத்தான். அந்தப் புள்ளிவிவரம் சொல்வது வண்டியைப் பற்றி அல்ல, அதை வைத்திருப்பவர்களைப் பற்றி.

இதற்குச் சாட்சியும் புல்லட்தான். 1977-இல் திருவொற்றியூரிலிருந்து பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் 350 சிசி புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது. அங்கே தொழிற்சாலை மூடி ஏழு வருடம் ஆகிவிட்டிருந்த நிலையில், அந்த வண்டியே புது வண்டியாகக் கப்பலில் வந்து இறங்கியது. அப்புறம் 2012-இல் என்ன ஆனது பாருங்கள்: 1955-இல் ரெட்டிச்சில் செய்த புல்லட்டுக்குப் பரிசோதனை தேவையில்லை. கிட்டத்தட்ட அதே எஞ்சினோடு 1990-களில் சென்னையில் செய்து அனுப்பிய புல்லட் வருடாவருடம் போய் நிற்க வேண்டும். இயந்திரக் கணக்கில் இரண்டும் அண்ணன் தம்பி. சட்டத்தின் கணக்கில் ஒன்று பாரம்பரியச் சொத்து, இன்னொன்று சாதாரண வண்டி. 2018-இல் விதியை மாற்றி, பெரிய மாற்றம் செய்யப்படாமல் 40 வருடம் தாண்டிய வண்டிகளுக்கெல்லாம் விலக்கு என்றார்கள். முதலில் ஏற்றுமதியான 1977 வண்டிகளுக்கு அப்போதுதான் நாற்பது நிறைந்திருந்தது. விலக்கு என்றால் கேள்வி கேட்பாரில்லை என்று அர்த்தம் இல்லை. ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு. விரும்பினால் தானாகப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளவும் செய்யலாம்.

நம்ம பக்கம் கதை வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, சேஸிஸ் எண்ணைக் காகிதத்தில் தேய்த்து எடுத்த பென்சில் பிரிண்ட். மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. பென்சில் பிரிண்ட் என்பது வண்டியின் கைரேகை. வண்டி இதுதானா என்பதற்கு அது பதில் சொல்லும், எப்படி இருக்கிறது என்பதற்கு அல்ல.

எஞ்சினுக்குப் பக்கத்தில் வருகிற ஒரே சோதனை புகைச் சோதனைதான். 2000 மார்ச் வரை தயாரான இரண்டு சக்கர வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு 3.5. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அதிகமாகப் போகிறதா என்பதை இது காட்டிக்கொடுக்கும். ஆனால் வண்டி நின்றபடி ஐடிலில் எடுக்கிற அளவு. ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி, தேறியதும் பழையபடி திருகிவிடுகிற வித்தை தெரியாத மெக்கானிக் கிடையாது.

பிரிட்டனில் வருடத்துக்கு ஒருமுறை, இங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. தினமும் ஓடுகிற வண்டியில் ஒரு ஜோடி பிரேக் ஷூ ஐந்து வருடம் தாங்காது, டயரும் பெரும்பாலும் தாங்காது. ஆக, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்த பிரேக்கும், மூன்றாவது வருடத்தில் லாரிக்குப் பின்னால் நீங்கள் மிதிக்கிற பிரேக்கும் வேறு வேறு. பழைய புல்லட்டின் டிரம் பிரேக் அது வந்த காலத்து வேகத்துக்கும் சாலைக்கும் செய்தது. இன்றைய நாற்கரச் சாலையில் முன்னால் போகிற கார் சட்டென்று நின்றுவிடும், புல்லட் நிதானமாகத்தான் நிற்கும். பிரேக் வலது காலிலா இடது காலிலா என்ற குழப்பம் வேறு. பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். மற்ற வண்டியில் பழகியவர் அவசரத்தில் வலது காலை மிதித்தால் அங்கே இருப்பது கியர். இதை எந்தச் சான்றிதழும் சொல்லாது.

2021-இல் மத்திய அரசு 'வின்டேஜ்' வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு நம்பர் பிளேட். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஆனால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் சாலைக்கு எடுத்து வரலாம், வழக்கமாக ஓட்ட முடியாது. பிரிட்டன் பழைய வண்டியின் சொந்தக்காரரை நம்பிப் பரிசோதனையை விட்டுக்கொடுத்தது. இந்தியா மரியாதையான நம்பர் பிளேட்டைக் கொடுத்துவிட்டு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: பழைய வண்டி என்பது ஞாயிற்றுக்கிழமை வண்டி.

அது இங்கிலாந்துக்குப் பொருந்தலாம். இங்கே 1985 மாடல் புல்லட்டில் பால் கேன் தொங்கவிட்டுக் கறந்த பால் கொண்டு போகிறவர் இந்த எந்தக் கட்டத்துக்குள்ளும் வரமாட்டார். வின்டேஜ் ஆக வயது போதாது, புது வண்டி வாங்கப் பணம் போதாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வருகிறார். நடுவில் அவருடைய வண்டியைப் பரிசோதிப்பது அவருடைய காலும் காதும் மட்டும்தான். அவருக்கு இப்போது வந்திருக்கும் புதுச் சிக்கல் பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்ததல்ல அந்தக் கார்ப்பரேட்டரும் அதன் ரப்பர் சாமான்களும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். தினமும் ஓடினால் டாங்கில் பெட்ரோல் தங்காது, தொல்லை குறைவு. ராலிக்கு மட்டும் வெளியே வருகிற வி.ஏ. நம்பர் வண்டியில்தான் அது மாதக்கணக்கில் கிடந்து, டாங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து துருவாகும்.